பறவையைத் துரத்தும் படகு எங்களுக்கு வேண்டாம்: கடற்பறவைப் பயணம் நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடற்பறவைப் பயணங்களை நடத்தும் படகு உரிமையாளர்களுக்கு,

இந்தப் பருவத்திலிருந்து முழுநாள் பயணம் கிடையாது என்ற உங்கள் அறிவிப்பைப் படித்தேன். இனி வேகப்படகு, மூன்று மணி நேரம், நாளுக்கு இரண்டு நடை. பறவை வழிகாட்டி வரமாட்டார், கைபேசிச் செயலியே போதும் என்கிறீர்கள். பயணத்தில் பார்த்ததை எழுதிவைக்கும் பதிவேட்டையும் நிறுத்திவிட்டீர்கள். இத்தனைக்கும் ஈடாக ஒரு வாக்குறுதி கொடுத்திருக்கிறீர்கள்: "பறக்கும் படம் உத்தரவாதம்."

என் கோபம் அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. மற்றதற்கெல்லாம் டீசல் விலை, ஆள் பற்றாக்குறை என்று ஏதாவது காரணம் சொல்லலாம், நாங்களும் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் கடலில் ஒரு பறவை பறந்தே தீரும் என்று உத்தரவாதம் தர ஒரே வழிதான் இருக்கிறது. உட்கார்ந்திருக்கும் பறவையின் மேல் படகை ஓட்டவேண்டும். அதைத்தான் செய்கிறீர்கள். சோதனை ஓட்டம் என்று நீங்கள் கூட்டிப்போன படகில் நானும் இருந்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். கரை இன்னும் கண்ணுக்குத் தெரியும் தூரம்தான். காற்று அறவே இல்லை. எதிரே ஷியர்வாட்டர் என்னும் கடற்பறவைகள் பெருங்கூட்டமாகத் தண்ணீரில் அமர்ந்திருந்தன. பழைய படகாக இருந்தால் அங்கேயே வேகத்தைக் குறைத்து, கூட்டத்தின் ஓரமாக ஒதுங்கிப் போயிருக்கும். இந்தப் படகு எஞ்சினை முடுக்கிக்கொண்டு நேராக நடுவில் புகுந்தது. முன்னால் இருந்தவை தண்ணீர்மேல் ஓடி ஓடி எழுந்தன, கேமராக்கள் விடாமல் அடித்தன. படகு ஒரு வட்டம் போட்டுத் திரும்பியது. அப்போதுதான் மறுபடி அமர்ந்திருந்த கூட்டத்துக்குள் மறுபடியும் போனது. அப்புறம் இன்னொரு முறை. கடைசியில் சில பறவைகள் எழவே இல்லை. இறக்கையால் தண்ணீரை அடித்துக்கொண்டு படகுக்கு முன்னால் ஓடின. ஒன்று தின்ற இரையைக் கக்கிவிட்டு ஓடியது. என் பக்கத்தில் நின்ற சிறுமி "அதுக்கு அடிபட்டிருக்கா?" என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்ல வழிகாட்டி இல்லை.

கேப்டனிடம் போய்க் கேட்டேன். "உட்கார்ந்திருக்கிற பறவையைப் பார்க்கவா சார் இவங்க இவ்வளவு தூரம் வந்தாங்க?" என்றார். அவர்மேல் புகார் எழுத நான் உட்காரவில்லை. உத்தரவாதம் கொடுத்தவர்கள் நீங்கள். அதை நிறைவேற்றும் வேலைதான் அவர் தலையில் விழுந்திருக்கிறது.

அந்தப் பறவைகள் ஏன் எழவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். தெரியாவிட்டால் இப்போதாவது தெரிந்துகொள்ளுங்கள். ஷியர்வாட்டர், பெட்ரல், ஆல்பட்ராஸ் எல்லாம் உயிரியல் வகைப்பாட்டில் ஒரே வரிசையைச் சேர்ந்த, ஒன்றுக்கொன்று உறவான கடற்பறவைகள். பெரும்பாலும் நீண்டு குறுகிய இறக்கை. கடல்மட்டத்தை ஒட்டிக் காற்றின் வேகம் குறைவாக இருக்கும், மேலே போகப் போகக் கூடும். இந்த வித்தியாசத்தில் ஏறியும் இறங்கியும், இறக்கையை அதிகம் அடிக்காமலேயே இவை மணிக்கணக்கில் போய்க்கொண்டிருக்கும். இது எப்படி நடக்கிறது என்பதை ரேலி என்ற இயற்பியலாளர் 1883-லேயே விளக்கியிருக்கிறார். வாண்டரிங் ஆல்பட்ராஸின் இறக்கை விரித்தால் மூன்றரை மீட்டர் வரை வரும். அதைக் காற்றில்லாமல் அடித்துத் தூக்குவது எவ்வளவு செலவு பிடிக்கும் வேலை என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் காற்று விழுந்த நாளில் இவை தண்ணீரில் அமர்ந்து காத்திருக்கின்றன. நமக்கு அது சும்மா மிதப்பதாகத் தெரிகிறது. அது அவற்றின் கணக்கு. வயிறு நிறைய இரை எடுத்த பறவைக்கும், இறக்கை இறகு உதிர்ந்து புதிது முளைக்கும் பருவத்தில் இருக்கும் பறவைக்கும் எழுவது இன்னும் கஷ்டம். நாம் கூட்டத்தைக் கலைப்பதே அப்படிப்பட்ட நாட்களில்தான், ஏனென்றால் அன்றுதான் கூட்டம் உட்கார்ந்திருக்கிறது.

வடக்குக் கடல்களில் படகு ஓட்டுபவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். பஃபின், மர் போன்ற ஆக் குடும்பப் பறவைகள் இறக்கை இறகுகளை ஏறக்குறைய ஒரே நேரத்தில் உதிர்த்துவிட்டு, பல வாரங்கள் பறக்கவே முடியாமல் கடலில் கிடக்கும். மர் பறவையின் குஞ்சு சுமார் மூன்று வார வயதில், பறக்கத் தெரியாமலேயே, பாறை விளிம்பிலிருந்து கடலை நோக்கிக் குதிக்கும். அதன் பிறகு அப்பன்தான் கூடவே நீந்தி வாரக்கணக்கில் இரை ஊட்டும். அப்பனும் குஞ்சும் ஒன்றையொன்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் வேகப்படகின் எஞ்சின் இரைச்சல் புகுந்தால் என்ன ஆகும் என்பதை நான் எழுதத் தேவையில்லை. அங்கே உங்கள் உத்தரவாதப் படமும் கிடைக்காது, அவற்றால்தான் பறக்க முடியாதே.

ஒரு நாள் தொந்தரவில் பறவை செத்தா போகும் என்று நீங்கள் கேட்கலாம். பெரும்பாலும் போகாது. ஆனால் இவை ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு முட்டை இடும் பறவைகள். வாண்டரிங் ஆல்பட்ராஸ் பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் குஞ்சு வளர்க்கிறது. முதல் முட்டை இடவே பல ஆண்டுகள் ஆகும். இப்படி மெதுவாகப் பெருகும் உயிரினங்கள், முதிர்ந்த பறவைகள் நெடுநாள் உயிரோடு இருப்பதை நம்பித்தான் நிலைத்திருக்கின்றன. உலகம் முழுவதும் கண்காணிக்கப்பட்டுவரும் கடற்பறவைக் கூட்டங்களின் எண்ணிக்கை 1950-க்கும் 2010-க்கும் இடையே சுமார் 70 சதவீதம் சரிந்திருப்பதாக 2015-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. தீவுகளில் புகுந்த எலியும் பூனையும், நீண்ட தூண்டில் கயிறுகளில் சிக்குவதும், கடல் சூடாவதும் பெரிய காரணங்கள். பறவை பார்க்கும் படகுகளுக்கு இந்தக் குற்றப் பட்டியலில் முன்வரிசை இடம் கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாம் பறவையைப் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டு போகிறவர்கள். நமக்கு இன்னும் கறாரான அளவுகோல் வேண்டும்.

சரி, மூன்று மணி நேரத்துக்கு வருகிறேன்.

கடற்பறவை என்று பொதுவாகச் சொன்னாலும் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதில்லை. கடற்காகமும் ஆலாக்களில் பலவும் கரையோரத்திலேயே கிடைக்கும், அவற்றைப் பார்க்கப் படகே வேண்டாம். பெட்ரல்களையும் பெரும்பாலான ஷியர்வாட்டர்களையும் நிறையப் பார்க்கவேண்டுமென்றால் கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடித் தளம், முடிந்து கடல் சட்டென்று ஆழம் போகும் விளிம்புக்குப் போகவேண்டும். ஏறத்தாழ 200 மீட்டர் ஆழக்கோட்டுக்கு அப்பால். அங்கேதான் பல இடங்களில் அடியிலிருந்து குளிர்ந்த, சத்துள்ள நீர் மேலே வருகிறது, நுண்பாசி பெருகுகிறது, அதைத் தின்னும் சின்ன உயிர்கள் சேர்கின்றன, பின்னாலேயே மீனும் பறவையும் வருகின்றன. சில கடற்கரைகளில் இந்த விளிம்பு மிக அருகிலேயே இருக்கிறது. நியூசிலாந்தின் கைகோராவிலும், கலிஃபோர்னியாவின் மான்டரே வளைகுடாவிலும் கடலடிப் பள்ளத்தாக்கு கரைக்குப் பக்கத்திலேயே தொடங்குவதால், குறுகிய பயணத்திலேயே ஆல்பட்ராஸ் கிடைக்கும். அங்கே மூன்று மணி நேரம் என்பது ஒரு நியாயமான பயணம். விளிம்பு வெகுதொலைவில் இருக்கும் கரையிலிருந்து அதே மூன்று மணி நேரத்தை விற்றால், போக ஒன்றரை, வர ஒன்றரை, பார்க்க எதுவுமில்லை. அதனால்தான் விளிம்புக்குப் போவதையே விட்டுவிட்டு, வழியில் எந்தக் கூட்டம் கண்ணில் படுகிறதோ அதைப் பிடித்துக் குடைகிறீர்கள். குறுகிய நேரமும் துரத்தலும் தனித்தனி முடிவுகளாக உங்களுக்குத் தோன்றலாம். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

வேகமும் அப்படியே. உங்கள் புதிய படகில் முழு வேகத்தில் போகும்போது பைனாகுலரைக் கண்ணில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? கண்புருவத்தில் காயம்தான் மிச்சம். பழகியவர்கள் பத்து மடங்குப் பெரிதாக்கும் பைனாகுலரைப் படகுக்கு எடுத்துவருவதில்லை, எட்டு மடங்கோ அதற்கும் குறைவோதான் ஆட்டத்தைத் தாங்கும். அதுவும் நிதானமான படகில். கடலில் பறவைகளை முறைப்படி கணக்கெடுக்க ஐரோப்பாவில் பல ஆண்டுகளாகப் பின்பற்றும் முறையில், கப்பலின் ஒரு பக்கத்தில் 300 மீட்டர் அகலப் பட்டையைப் பார்த்துக்கொண்டே போவார்கள். வேகம் 10 நாட் ஒட்டி, அதாவது மணிக்குப் பதினெட்டு பத்தொன்பது கிலோமீட்டர். அந்த வேகத்தில்தான் தேர்ந்த கண்ணுக்குக்கூட ஒழுங்காகத் தெரியும்.

நீங்கள் கைவிட்ட அந்தப் பழைய முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதவேண்டும், ஏனென்றால் உங்கள் புதிய ஊழியர்களில் பலர் அதைப் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன்.

விளிம்புக்குப் போனதும் எஞ்சின் வேகம் குறையும். வழிகாட்டி ஒரு வாளியை எடுப்பார். மீன் ஈரல், குடல், கொஞ்சம் மீன் எண்ணெய் கலந்த கலவை. நாற்றம் குடலைப் புரட்டும், ஏற்கெனவே தலை சுற்றிக்கொண்டிருப்பவர்கள் அந்த நேரத்தில்தான் படகின் ஓரத்துக்கு ஓடுவார்கள். கலவை சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விழும். பின்னால் ஒரு மெல்லிய பளபளப்புக் கோடு நீளும். காற்று அந்த மணத்தைத் தன் போக்கில் கொண்டுபோகும். பறவைகள் மணத்தைப் பிடித்துக்கொண்டு காற்றை எதிர்த்து வரும். ஆகவே காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் பார்க்கவேண்டும். இதை முதல்முறை வருபவருக்கு ஒருவர் சொல்லித்தந்தால்தான் தெரியும். இல்லாவிட்டால் எல்லோரும் படகின் முன்பக்கம் முண்டியடித்துக்கொண்டு நிற்பார்கள், பறவை பின்னால் வந்து போய்விடும்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. யாராவது கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பிறகு, எதுவுமே இல்லை என்று நாம் சத்தியம் செய்திருக்கக்கூடிய கடலில், கறுப்பாக ஒரு புள்ளி. வில்சன் ஸ்டார்ம் பெட்ரல். சுமார் நாற்பது கிராம் எடை. அண்டார்க்டிக்காவின் பக்கம் கூடு கட்டிவிட்டு, பூமத்திய ரேகையைத் தாண்டி வடக்கே வரும் பறவை. கால்களைத் தொங்கவிட்டு, தண்ணீரைத் தட்டித் தட்டி, அந்த எண்ணெய்க் கோட்டின்மேல் நடப்பதுபோலப் போகும். படகு நின்றிருந்தால் ரொம்பப் பக்கத்திலேயே வரும். விரல்களுக்கிடையே உள்ள மஞ்சள் சவ்வுகூடத் தெரியும். அப்புறம் இன்னொன்று, அப்புறம் நான்கைந்து. இவற்றின் கூட்டத்தைப் பார்த்து ஷியர்வாட்டர் வரும், அதைப் பார்த்து ஸ்குவா வந்து அடுத்தவர் வாயிலிருந்து பிடுங்கித் தின்னும். ஒரு பறவையையும் நாம் துரத்தவில்லை. எல்லாம் தாமாக வந்து, தாமாகப் போகும். படம் எடுப்பவர்களுக்கும் இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. ஓடும் பறவையின் முதுகைத்தான் துரத்தும் படகிலிருந்து எடுக்கமுடியும், உங்கள் விளம்பரத்தில் போட்டிருக்கும் படங்களையே ஒருமுறை பாருங்கள்.

இது ஏதோ மீனவர்களின் கைவைத்தியம் மட்டும் இல்லை. நுண்பாசியைச் சின்ன உயிர்கள் மேயும்போது டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயு வெளிப்படுகிறது. பல பெட்ரல் இனங்கள் இந்த மணத்தை நோக்கி வருகின்றன என்பதை ஆய்வாளர் கேப்ரியல் நெவிட்டும் அவருடன் வேலை செய்தவர்களும் அண்டார்க்டிக் கடலில் சோதித்து 1995-ல் வெளியிட்டார்கள். கடல் வெறும் வெட்டவெளி என்பது நம் கண்ணுக்குத்தான். இவற்றின் மூக்குக்கு அதில் எங்கே சாப்பாடு என்று தெரிகிறது.

இதே காரணத்தால்தான் உங்கள் சோதனைப் படகில் பார்த்த இன்னொரு காட்சி என்னை உறுத்தியது. கலவை தயாரிக்க நேரமில்லை என்று ரொட்டித் துண்டுகளை அள்ளி வீசினார்கள். கூடியது அத்தனையும் கடற்காகம். ரொட்டி வந்த பிளாஸ்டிக் பைகளில் ஒன்று காற்றில் பறந்து கடலில் விழுந்தது. அதை எடுக்கப் படகைத் திருப்பவில்லை. கடலில் ஒரு மாதத்துக்கும் குறைவாகக் கிடந்த பிளாஸ்டிக்கிலிருந்தே அந்த டைமெத்தில் சல்ஃபைடு மணம் வருவதை 2016-ல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது. மணத்தை நம்பி இரை தேடும் பறவைக்கு அந்தப் பை எப்படித் தெரியும் என்று இனி சொல்லவேண்டியதில்லை. கலவையையும் வாளி வாளியாகக் கொட்டக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எண்ணெய் இறகில் படிந்தால் நீர் ஒட்டாத தன்மை போய்விடும், அது மீன் எண்ணெயாக இருந்தாலும். சொட்டுச் சொட்டாக விடும் அளவு தெரிந்தவர்தான் அந்தப் பழைய வழிகாட்டி.

அவரைத்தான் ஒரு செயலியை வைத்து ஈடுகட்டப் பார்க்கிறீர்கள். நானும் செயலி வைத்திருக்கிறேன், நல்லதுதான். எடுத்த படத்துக்குப் பெயர் சொல்லும். ஆனால் படகின் முன்பக்கத்தைப் பன்னிரண்டு மணியாக வைத்துக்கொண்டு "நாலு மணி, தொடுவானத்துக்குக் கீழே, இடப்பக்கம் போகுது" என்று கத்தாது. அந்த ஒரு கத்தலில்தான் படகில் உள்ள அத்தனை பேருக்கும் பறவை கிடைக்கிறது. குமட்டல் வந்தவரை அறைக்குள்ளிருந்து வெளியே கூட்டிவந்து, ஆட்டம் குறைவான இடத்தில் நிற்கவைத்து, தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லாது. கேப்டனிடம் "போதும், இதுக்கு மேல கிட்டப் போகாதீங்க" என்று சொல்லும் அதிகாரமும் அதற்கு இல்லை. படகில் பறவையின் பக்கம் பேச ஒரு ஆள் இருந்தார், அவரை இறக்கிவிட்டீர்கள்.

பதிவேட்டை நிறுத்தியதுதான் எல்லாவற்றிலும் கெட்டது. துரத்தலுக்காவது சாட்சிகள் இருக்கிறோம்.

நியூசிலாந்து ஸ்டார்ம் பெட்ரல் என்ற சிறு பறவை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேகரித்த மூன்று பாடம் செய்த உடல்கள் மட்டும் அருங்காட்சியகங்களில் இருந்தன. அழிந்துபோனது என்றே நினைத்தார்கள். 2003 ஜனவரியில் நியூசிலாந்தின் வடதீவை ஒட்டிய கடலில் பறவை பார்க்கப் போன ஒரு படகிலிருந்து, வயிற்றில் கோடுகள் உள்ள ஒரு ஸ்டார்ம் பெட்ரலைப் படம் எடுத்தார்கள். வேறு இனத்தின் வித்தியாசமான வடிவமாக இருக்கலாம் என்ற சந்தேகமும் எழுந்தது. படத்தையும் குறிப்பையும் மற்றவர்கள் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. அதே ஆண்டு நவம்பரில் இன்னும் பல பறவைகளைப் படம் எடுத்தார்கள். 2013-ல் அது கூடு வைக்கும் இடமும் லிட்டில் பேரியர் தீவில் உறுதியானது. பூனைகளும் எலிகளும் ஏற்கெனவே முழுதாக அகற்றப்பட்ட தீவு அது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இல்லை என்று நினைத்த ஒரு உயிர், உங்களைப் போன்ற ஒருவர் ஓட்டிய, எங்களைப் போன்றவர்கள் ஏறிய படகால் மீண்டும் கணக்கில் வந்தது. அன்று அவர்கள் எந்த இடம், என்ன நேரம், என்ன பறவை என்று எழுதாமல், கூட்டத்தைக் கலைத்துப் படம் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால்?

ஒவ்வொரு படகுக்கும் அப்படி ஒரு அதிசயம் வாய்க்காது. சாதாரணக் குறிப்புகளும் பயன்படும் என்பதற்கு விஸ்டம் என்ற லேசான் ஆல்பட்ராஸ் போதும். 1956-ல் சாண்ட்லர் ராபின்ஸ் என்ற பறவை ஆய்வாளர் பசிபிக் கடலின் மிட்வே தீவில் அதன் காலில் வளையம் மாட்டினார். 2002-ல் அதே மனிதர் அதே பறவையை மறுபடி பிடித்தார், பழைய வளைய எண்களைத் தோண்டிப் பார்த்தபோதுதான் அது எதுவென்று தெரிந்தது. ஒரு காட்டுப் பறவை எழுபது வயதைத் தாண்டியும் முட்டை இடும் என்று நமக்குத் தெரிவது யாரோ நோட்டில் எழுதிவைத்ததால்தான். 2022-ல் பறவைக் காய்ச்சல் ஸ்காட்லாந்தின் பாஸ் ராக் தீவில் கேனட் பறவைகளைக் கொன்று குவித்தபோது, தப்பிப் பிழைத்தவற்றில் சிலவற்றின் வெளிர்நீலக் கண் கறுத்துப்போயிருந்ததைக் கவனித்தார்கள். இப்போது ஒரு கேனட்டின் கண் நிறத்தைப் படகிலிருந்து படம் எடுத்தால்கூட அது ஒரு தகவல். உங்கள் பழைய பதிவேட்டிலும் இப்படிப்பட்ட வரிகள் இருந்தன. அலகில் தூண்டில் முள் மாட்டிய ஷியர்வாட்டர், காலில் வளையம் உள்ள ஆலா, வழக்கமாக வரும் வாரத்தில் வராமல் போன பெட்ரல். ஒரு பறவையும் இல்லாத மணி நேரத்தையும் "இல்லை" என்று எழுதியிருந்தார்கள். அதுதான் எனக்கு அந்தப் பதிவேட்டில் மிகவும் பிடித்தது. அடுத்த பருவத்தில் என்ன குறைந்தது என்று கேட்டால் இனி உங்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

உங்கள் பக்கக் கஷ்டமும் தெரியும். முழுநாள் பயணத்தில் பாதிப் பேர் வாந்தி எடுத்துவிட்டுச் சுருண்டு படுத்துவிடுவார்கள். கடல் மோசமானால் பயணம் ரத்தாகும், பணத்தைத் திருப்பித் தரவேண்டும். வயதானவர்களாலும் சின்னப் பிள்ளைகளாலும் அவ்வளவு நேரம் தாங்கமுடியாது. குறுகிய பயணம் வேண்டும் என்று கேட்பவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்காக நடத்துங்கள், நானே என் வீட்டாரைக் கூட்டிவருகிறேன். ஆனால் அதைக் கரையோரப் பறவைப் பயணம் என்று சொல்லி விற்கவேண்டும். ஆல்பட்ராஸ் படத்தை விளம்பரத்தில் போட்டுவிட்டுக் கடற்காகத்துக்கு ரொட்டி போடக் கூட்டிப்போகக்கூடாது.

நாங்கள் கேட்பது இவைதான்.

"பறக்கும் படம் உத்தரவாதம்" என்ற வரியை உடனே நீக்குங்கள், அடுத்த பருவம் வரை இழுக்காமல். அதோடு கேப்டன்களுக்கு எழுத்தில் ஒரு விதி கொடுங்கள். தண்ணீரில் அமர்ந்திருக்கும் கூட்டத்துக்குள் படகு நுழையக்கூடாது. கூட்டத்தைக் கண்டதும் வேகம் குறையவேண்டும். பறவைகள் தலையை உயர்த்தி நீந்தி விலகத் தொடங்கினாலே அது எல்லை, அதற்கு மேல் நெருங்கக்கூடாது. காற்றில்லாத நாளிலும், இறகு உதிர்க்கும் பருவத்திலும், குஞ்சோடு நீந்தும் பறவைகள் உள்ள கடலிலும் இன்னும் தள்ளியே போகவேண்டும். பயணிகள் கெஞ்சினாலும் சரி, அதிகம் தருகிறேன் என்றாலும் சரி. இந்த விதியைப் படகில் ஏறும் இடத்திலேயே எழுதி மாட்டுங்கள், அப்போது கேப்டனுக்கும் மறுத்துப் பேசத் தெம்பு இருக்கும்.

முழுநாள் பயணத்தை முற்றிலும் கைவிடாதீர்கள். ஒவ்வொரு நாளும் நடத்த முடியாது என்பது புரிகிறது. பருவத்தில் தேர்ந்தெடுத்த சில நாட்கள் போதும். கட்டணத்தைக் கூட்டுங்கள், குறைந்தபட்ச ஆள் கணக்கு வையுங்கள், முன்கூட்டியே பணம் வாங்குங்கள். நாங்கள் வருவோம்.

அந்தப் படகில் வழிகாட்டி ஒருவர் இருக்கவேண்டும், கேப்டனை நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தோடு. குறுகிய பயணத்திலும் பறவை தெரிந்த ஒருவர் இருக்கட்டும். ரொட்டி வேண்டாம். கலவை விடுவதென்றால் அளவாக, வழிகாட்டியின் கையால் மட்டும். பிளாஸ்டிக் பை எதுவும் மேல்தளத்துக்கு வரக்கூடாது, தவறி விழுந்தால் படகைத் திருப்பி எடுக்கவேண்டும்.

பதிவேட்டை மறுபடி தொடங்குங்கள். மணிக்கு ஒரு பட்டியல், இடம், கடலின் நிலை, பார்த்தது, பார்க்காதது. எழுத ஆள் இல்லை என்றால் பயணிகளிலேயே எழுதக்கூடியவர்கள் இருக்கிறோம், சம்பளம் வேண்டாம். பட்டியல்களை, பறவைக் குறிப்புகளைச் சேர்க்கும் இ-பர்ட் போன்ற பொது இணையத் தளத்தில் ஏற்றிவிட்டால் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். பழைய பதிவேடுகள் உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கின்றன. இடத்தை அடைக்கிறது என்று யாராவது தூக்கிப்போடும் முன் அவற்றை எங்களிடம் கொடுங்கள், படம் எடுத்துவிட்டுத் திருப்பித் தருகிறோம்.

இந்தப் பருவத்தின் முதல் படகு கிளம்பும் முன்பே பதில் வேண்டும். பதில் எழுத்தில் இருக்கட்டும். மேலே கேட்டவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்யமாட்டீர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லுங்கள். உத்தரவாத வரி நீங்கும்வரை நாங்கள் வேகப்படகுப் பயணத்துக்கு முன்பதிவு செய்யமாட்டோம், எங்களைக் கேட்டு வருபவர்களையும் அனுப்பமாட்டோம்.

இப்படிக்கு,
உங்கள் முழுநாள் படகில் வழக்கமாக வந்துகொண்டிருந்த ஒரு பயணி